புளூடூத் ஹெட்செட்டா, வயரா? போன் இன்டர்நெட்டா, ரவுட்டரா? மலையக வீடுகளுக்கு எந்த ஜோடி பொருந்தும்

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பு. வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்பவருக்கு நாள் முழுக்க அழைப்பு. மாலையில் டியூஷன் எடுக்கும் ஆசிரியருக்கு இரண்டு மணித்தியாலம் விடாமல் பேச்சு. மூவருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றேதான்: எந்த ஹெட்செட் வாங்குவது, லெப்டொப்புக்கு இன்டர்நெட்டை எப்படிக் கொடுப்பது?

ஹெட்செட்டை ஒரு நாள் ஒரு கடையிலும், இன்டர்நெட்டை இன்னொரு நாள் இன்னொரு கடையிலும் தனித்தனியாகத் தீர்மானிப்பதுதான் வழக்கம். காசு வீணாவது அங்கேதான். ஹெட்செட்டும் நல்லது, சிக்னலும் நல்லது, ஆனாலும் குரல் துண்டு துண்டாகப் போகிறது என்றால், இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்வது பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனால் இங்கே இரண்டையும் ஜோடியாகவே வைத்துப் பார்க்கிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

விலையையும் பிராண்டையும் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்கவேண்டியவை இவை.

அலைவரிசை மோதல். ஹெட்செட்டும் இன்டர்நெட்டும் ஒன்றையொன்று குழப்புமா? இது கொஞ்சம் நீளமான விடயம், கீழே தனியாக வருகிறது.

மழைச் சத்தம். தகரக் கூரைக்குக் கீழே மழை பிடித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்ட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. இந்த மாதங்களில் மைக் வாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சிக்னல் நிற்கும் இடம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சிக்னல் காம்பரா என்ற உள்ளறைக்குள் வருவதில்லை. தகரமும் கருங்கல் சுவரும் அதைத் தடுத்துவிடும். ஜன்னலோரத்தில் இரண்டு கோடு, இஸ்தோப்பு என்ற முன் திண்ணையில் மூன்று கோடு, உள்ளே ஒன்றுமில்லை. போன் ஓரிடத்தில், லெப்டொப் இன்னோரிடத்தில் என்றால் நடுவில் எது ஓடுவது, வயரா அலையா?

கரண்ட். கரண்ட் போனால் எது எது நிற்கும்?

டேட்டா. ஒரு மாதத்துக்கு எத்தனை ஜி.பி. போகும்? சூமில் இருவர் வீடியோவோடு பேச, போக ஒரு பக்கமும் வர ஒரு பக்கமும் நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும். கணக்குப் போட்டால் மணித்தியாலத்துக்கு 540 எம்.பி. தினம் 3 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் 40 ஜி.பி.யைத் தாண்டும். கெமராவை அணைத்துவிட்டு ஆசிரியரின் வீடியோவை மட்டும் பார்த்தால் சுமார் பாதி. வெறும் குரல் மட்டும் என்றால் மணித்தியாலத்துக்கு 72 எம்.பி. போதும், மாதம் ஐந்தரை ஜி.பி.க்குள் முடிந்துவிடும்.

## 2.4 கிகாஹேர்ட்ஸ்: எல்லோரும் நடக்கும் ஒற்றையடிப் பாதை

புளூடூத் ஓடுவது 2.402 முதல் 2.480 கிகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில். அதை 79 சிறு வழிகளாகப் பிரித்து, நொடிக்கு 1600 தடவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே பேசுகிறது. சாதாரண வைஃபையும், போன் ஹொட்ஸ்பொட்டும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸில்தான் இருக்கின்றன. வைஃபையின் ஒரு சேனல் 20 மெகாஹேர்ட்ஸ் அகலம். புளூடூத்தின் பாதையில் கால்வாசியை அது ஒன்றே அடைத்துக்கொள்ளும்.

அடைபட்ட வழிகளை விலக்கித் தாவப் புளூடூத்துக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டின் 1.2 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. அப்படியிருந்தும் மோதல் ஏன் என்றால், லெப்டொப்புக்குள் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிறு கார்டில் இருக்கின்றன. விலை குறைந்த லெப்டொப்புகளில் இரண்டுக்கும் அன்டெனாவும் ஒன்றுதான். ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக் காத்திருக்க வேண்டும்.

பாட்டுக் கேட்கும்போது இது தெரியாது. அடுத்த சில நொடித் துண்டுகளுக்கான ஒலியை ஹெட்செட் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். இருவழிப் பேச்சில் சேர்த்துவைக்க நேரமில்லை. வரத் தவறிய துண்டு தவறியதுதான். "பாட்டு அருமையாக இருக்கிறது, சூமில் மட்டும் வெட்டுகிறது" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். ஹெட்செட் பழுதில்லை.

இதிலிருந்து ஒரே ஒரு விதி: ஹெட்செட், இன்டர்நெட் இரண்டில் ஒன்றுக்காவது வயர் இருக்கட்டும். அது முடியாவிட்டால் வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இப்போது எதில் ஓடுகிறது என்று பார்க்க, விண்டோஸில் வைஃபை பெயரின் ப்ரொபர்ட்டீஸைத் திறந்து "நெட்வேர்க் பேண்ட்" என்ற வரியைப் பாருங்கள். 2.4 அல்லது 5 என்று எழுதியிருக்கும்.

## ஹெட்செட்: நான்கு வழி

### 3.5 மில்லிமீட்டர் பின் வயர் ஹெட்செட்

சார்ஜ் வேண்டாம், சேர்க்கும் வேலை இல்லை, அலைவரிசையில் எதோடும் மோதாது. பிரச்சினை பின்னில். போனுக்கான ஹெட்செட் பின்னில் மூன்று கறுப்பு வளையம், நான்கு பகுதி. பழைய டெஸ்க்டொப்பில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு தனித் துளை. நான்கு பகுதிப் பின்னைப் பச்சைத் துளையில் குத்தினால் சத்தம் கேட்கும், மைக் வேலை செய்யாது. அதற்கு ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறு வயர் தனியாக வாங்க வேண்டும். வயர் முறிவது பெரும்பாலும் பின்னின் கழுத்தில்தான். புதிதாக வாங்கியதுமே அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.

### யூஎஸ்பி வயர் ஹெட்செட்

நாள் முழுக்கப் பேசும் வேலைக்கு இதைவிட நம்பகமானது இல்லை. சவுண்ட் கார்ட் ஹெட்செட்டுக்குள்ளேயே இருப்பதால் லெப்டொப்பின் துளை பழுதாகியிருந்தாலும் கவலையில்லை. வளைக்கக்கூடிய தண்டு மைக் உள்ளதாகப் பாருங்கள். மைக்கை வாயின் நேர் முன்னால் வைக்காமல், உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூச்சுக் காற்று மோதாது, தகரத்தில் விழும் மழையும் பின்னுக்குப் போய்விடும். குறை என்றால், ஒரு யூஎஸ்பி துளை போய்விடும். போனிலும் இதையே பாவிக்க நினைத்தால் மாற்றி ஒன்று வேண்டும்.

### லெப்டொப்பின் சொந்தப் புளூடூத்தோடு சேரும் ஹெட்செட்

எழுந்து நடக்கலாம், அடுப்படிக்குப் போய் வரலாம். ஆனால் வாங்குமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புளூடூத் ஒலிக்கு இரண்டு முறை உண்டு. கேட்க மட்டும் ஒரு முறை: ஸ்டீரியோ, தெளிவு. மைக்கும் சேர்ந்த இன்னொரு முறை: மோனோ, தொலைபேசித் தரம். சூம் மைக்கைத் திறந்த அந்த நொடியே ஹெட்செட் இரண்டாவது முறைக்கு இறங்கிவிடும். பழைய ஹெட்செட்டில் இது 8 கிலோஹேர்ட்ஸ் ஒலி, கொஞ்சம் புதியதில் 16. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த இறக்கம் நடக்கும். இதைக் குறைக்க எல்ஈ ஓடியோ என்ற புதிய முறை வந்திருக்கிறது. அதற்கு விண்டோஸ் 11, அதை ஆதரிக்கும் லெப்டொப் கார்ட், ஆதரிக்கும் ஹெட்செட் மூன்றும் பொருந்த வேண்டும். கையில் உள்ள பழைய லெப்டொப்புக்காக அந்தப் பெயரைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

காதுக்குள் செருகும் சிறிய வகைகளில் மைக் காதோரம் இருக்கும். மழைக்காலத்தில் உங்கள் குரலைவிடக் கூரைச் சத்தமே முன்னால் போகும்.

### புளூடூத் ஹெட்செட்டும் தனி டொங்கிளும்

டொங்கிள் என்பது யூஎஸ்பி துளையில் குத்தும் சிறு கருவி. அதில் இரண்டு ரகம். ஒன்று வெறும் புளூடூத் டொங்கிள்: புளூடூத் இல்லாத டெஸ்க்டொப்புக்கு ஏற்றது. லெப்டொப்பில் ஏற்கனவே புளூடூத் இருந்தால் டிவைஸ் மெனேஜரில் பழையதை டிசேபிள் செய்துவிட்டே இதைப் போட வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒன்றோடுதான் ஒழுங்காக வேலை செய்யும். மற்றது, ஹெட்செட்டோடு சேர்த்தே விற்கும் டொங்கிள்: கணினி இதை ஒரு சவுண்ட் கார்ட் என்றே நினைக்கும், விண்டோஸில் சேர்க்கும் தொல்லை கிடையாது. அலுவலக அழைப்புக்குப் புளூடூத்தான் வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டாவது ரகத்தையே பாருங்கள். டொங்கிள் தொலைந்தால் பாதி ஹெட்செட் தொலைந்த மாதிரி, அதுவே மறைமுகச் செலவு.

எந்த ரகமானாலும் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் குத்தாதீர்கள். அந்தத் துளை வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கமே இரைச்சலைக் கக்கும். கறுப்பு யூஎஸ்பி 2.0 துளையில், முடிந்தால் ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் வயரில் போடுங்கள்.

## இன்டர்நெட்: எந்த வழியாக லெப்டொப்புக்குள் வருவது

### போனிலிருந்து யூஎஸ்பி டெதரிங்

போனையும் லெப்டொப்பையும் டேட்டா கேபிளால் இணைத்து, போனில் ஹொட்ஸ்பொட் அண்ட் டெதரிங் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் முடிந்தது. அன்ட்ரொயிட் போன் என்றால் வேறு மென்பொருள் வேண்டாம். ஐபோனுக்கு விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது எப்பிள் டிவைசஸ் செயலி இருக்க வேண்டும். டெதரிங் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது.

இதன் பெரிய பலம், லெப்டொப்பின் வைஃபையை முழுதாக அணைத்துவிடலாம் என்பது. அன்டெனா முழுக்கப் புளூடூத்துக்கு. ஆனால் ஃபிளைட் மோடைப் போடாதீர்கள், புளூடூத்தும் சேர்ந்து அணைந்துவிடும். வைஃபை பட்டனை மட்டும் அணையுங்கள்.

பலவீனம், போனைக் கேபிள் கட்டிப்போடுகிறது. ஜன்னல் கம்பியில் பொலித்தீன் பையில் போட்டுத் தொங்கவிட்டால்தான் சிக்னல் என்ற வீட்டில் லெப்டொப்பும் ஜன்னலடிக்கே போக வேண்டும். கேபிளை நீட்டலாம், 3 மீட்டருக்கு மேல் போனால் மலிவுக் கேபிள்கள் அடிக்கடி விட்டுவிட்டு இணையும். போன் சார்ஜும் ஏறிக்கொண்டு டேட்டாவும் இழுப்பதால் சூடாகும். அந்தச் சூடு பெட்டரியின் ஆயுளைக் குறைக்கும், நேரடியாகக் கண்ணில் படாத செலவு அது.

அழைப்பு வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். 4ஜியிலேயே குரல் அழைப்பு எடுக்கும் வசதி உங்கள் போனிலும் சிம்மிலும் இல்லையென்றால், யாராவது கோல் எடுத்ததும் டேட்டா நின்றுபோகலாம். இரட்டைச் சிம் போனில் மற்றச் சிம்முக்கு வந்தாலும் இதே கதிதான். பரீட்சை நேரத்தில் இரண்டாவது சிம்மை அணைத்து வையுங்கள்.

### போன் ஹொட்ஸ்பொட்

போனை இஸ்தோப்பில் வைத்துவிட்டு உள்ளே உட்காரலாம். லயத்து வீட்டுக்கு இது பெரிய வசதி. சுவர் தாண்டும் என்பதற்காக எல்லோரும் 2.4இலேயே விட்டுவைக்கிறார்கள். அப்படியே புளூடூத் ஹெட்செட்டையும் போட்டால் மேலே சொன்ன மோதல் நிச்சயம். போனில் ஹொட்ஸ்பொட் அமைப்புக்குள் "பேண்ட்" என்ற இடத்தில் 5 கிகாஹேர்ட்ஸைத் தெரிவு செய்யலாம். ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் "மெக்ஸிமைஸ் கொம்பெட்டிபிலிட்டி" என்பதை அணைத்தால் 5க்குப் போகும். மாற்றியபின் லெப்டொப்பில் ஹொட்ஸ்பொட்டின் பெயரே தெரியவில்லையென்றால், அந்த லெப்டொப் 5ஐப் பிடிக்காத பழையது. 5 கிகாஹேர்ட்ஸ் கருங்கல் சுவரைத் தாண்டத் திணறும். கதவு திறந்திருந்து, போன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால் நன்றாக ஓடும்.

### புளூடூத் டெதரிங்

இதற்குப் பேட்டரி அதிகம் போகாது, நல்லது என்று சிலர் சொல்வார்கள். நொடிக்கு ஒன்று, இரண்டு மெகாபிட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. மின்னஞ்சலுக்குப் போதும். புளூடூத் ஹெட்செட்டோடு சேர்த்தால் இரண்டும் ஒரே ரேடியோவைப் பங்குபோட்டு இரண்டுமே கெட்டுவிடும்.

### 4ஜி ரவுட்டர்

வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் இதற்கே போங்கள். ரவுட்டரை சிக்னல் கிடைக்கும் ஜன்னலில் வைத்து, அங்கிருந்து லெப்டொப்புக்கு லேன் வயர் இழுக்கலாம். லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். வெளி அன்டெனா போடுபவர்கள் நீளமான அன்டெனா கேபிளை விரும்புகிறார்கள். அது நீள நீள சிக்னல் கேபிளுக்குள்ளேயே கரைந்துவிடும். ரவுட்டரை அன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து லேன் வயரை நீட்டுவதே மேல்.

வாங்குமுன் எந்த வலையமைப்பு என்று தீர்மானிக்க, பக்கத்து வீட்டாரிடம் டயலொக், மொபிடெல், ஹட்ச் சிம்களைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள். ரவுட்டர் வைக்கப்போகும் அதே இடத்தில் ஒவ்வொன்றையும் போனில் போட்டு, அபவுட் போனுக்குள் சிம் ஸ்டேட்டஸில் சிக்னல் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90 நல்லது, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110 என்றால் வேறு இடம் தேடுங்கள். எதிர்மலையில் டவர் தெரிகிற மேல்கணக்கு வீட்டுக்கு நல்லதாக இருப்பது, பள்ளத்தில் இருக்கும் கீழ்கணக்கு வீட்டுக்கு ஒத்துவராது. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்பதால் பயனில்லை.

மறைமுகச் செலவுகள்: சில ரவுட்டர்கள் விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். சில பொதிகளில் டேட்டாவில் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பின்னருக்கானது, வகுப்புக்கு உதவாது. கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்துவிடும், ஆகவே மினி யூபிஎஸ் ஒன்று வேண்டும். ரவுட்டர் அடப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் 12 வோல்ட் யூபிஎஸ்தான், 9 வோல்ட் என்றால் 9. மாற்றிக் குத்தினால் ரவுட்டர் போய்விடும்.

### ஃபைபர், ஸ்டார்லிங்க்

ஃபைபர் வந்திருக்கும் நகர்ப்புற வீட்டில் யோசிக்கவே வேண்டாம், அதை எடுங்கள். தோட்டத்து டிவிஷன்கள் பலவற்றுக்கு அது எட்டவில்லை. செயற்கைக்கோள் வழி இன்டர்நெட்டான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. ஒரு வீட்டுக்குச் செலவு அதிகம், சவுக்கு மரங்கள் மறைக்காத திறந்த வானமும் வேண்டும். ஒரு லயத்து வீடுகள் சேர்ந்தோ, வாசிகசாலைக்கோ எடுப்பதென்றால் யோசிக்கலாம்.

## ஜோடியாக வைத்துப் பார்த்தால்

| ஜோடி | பேச்சின் தரம் | எங்கே சறுக்கும் | யாருக்கு |
|---|---|---|---|
| யூஎஸ்பி டெதரிங் + புளூடூத் ஹெட்செட் | நல்லது | போன் லெப்டொப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் | ஏற்கனவே புளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர் |
| 2.4 ஹொட்ஸ்பொட் + வயர் ஹெட்செட் | மிக நல்லது | போன் பெட்டரி | லயத்து வீடு, மாணவர் |
| 2.4 ஹொட்ஸ்பொட் + புளூடூத் ஹெட்செட் | வெட்டி வெட்டி வரும் | எப்போதும் | யாருக்கும் வேண்டாம் |
| 5 ஹொட்ஸ்பொட் + புளூடூத் ஹெட்செட் | நல்லது | சுவர் குறுக்கே வந்தால் | புதிய லெப்டொப், ஒரே அறை |
| ரவுட்டர் லேன் வயர் + யூஎஸ்பி ஹெட்செட் | மிக மிக நல்லது | கரண்ட் போனால் | நாள் முழுக்க அழைப்பு வேலை |
| புளூடூத் டெதரிங் + புளூடூத் ஹெட்செட் | மோசம் | இரண்டும் ஒரே ரேடியோ | யாருக்கும் வேண்டாம் |

ஒன்றுமே வாங்கவில்லை, கையில் சொற்பக் காசுதான் என்றால், தண்டு மைக் உள்ள வயர் ஹெட்செட் ஒன்றை வாங்கி, இருக்கும் போனின் ஹொட்ஸ்பொட்டில் தொடங்குங்கள். மிச்சக் காசு ரீலோடுக்கு.

## சேர்க்கும்போது தவறுவது

ஹெட்செட்டை அணைத்துவிட்டு, பவர் பட்டனை 5 முதல் 7 நொடி அமுக்கிப் பிடியுங்கள். பெரும்பாலான ஹெட்செட்டுகளில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்ன வேண்டும். நீலம் மட்டும் மின்னினால் அது பழைய போனைத் தேடிக்கொண்டிருக்கிறது. போனின் புளூடூத்தை அணைத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் புளூடூத் பக்கம், ஆட் டிவைஸ், புளூடூத்.

இணைந்தும் சத்தம் இல்லையா? விண்டோஸ் 10 ஒரே ஹெட்செட்டை "ஸ்டீரியோ", "ஹேண்ட்ஸ் ஃப்ரீ" என்று இரண்டு பெயரில் காட்டும். சூமின் ஓடியோ அமைப்பில் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோவையும் மைக்குக்கு ஹேண்ட்ஸ் ஃப்ரீயையும் கொடுத்தால், மைக் திறந்ததும் ஸ்டீரியோ ஊமையாகிவிடும். இரண்டுக்கும் ஹேண்ட்ஸ் ஃப்ரீயைக் கொடுங்கள். அல்லது ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ, மைக்குக்கு லெப்டொப்பின் சொந்த மைக். மழை இல்லாத நாளில் வகுப்பைக் கேட்கும் மாணவருக்கு இந்த இரண்டாவது அமைப்பு அருமை. மழை தொடங்கினால் லெப்டொப் மைக் கூரையைத்தான் அனுப்பும். விண்டோஸ் 11 ஒரே பெயரில் காட்டித் தானே மாற்றிக்கொள்ளும்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு விட்டுப்போனால், டிவைஸ் மெனேஜரில் புளூடூத் கார்டின் பவர் மெனேஜ்மன்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இன்டர்நெட் பக்கம் மறக்கக்கூடாதது ஒன்று. ஹொட்ஸ்பொட்டோ யூஎஸ்பி டெதரிங்கோ, அந்த இணைப்பின் ப்ரொபர்ட்டீஸில் "மீட்டர்ட் கனெக்ஷன்" என்பதைப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் வகுப்பு நடுவே விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்கத் தொடங்கி, வாரத்துக்குப் போட்ட டேட்டாவை ஒரே மாலையில் முடித்துவிடும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வழக்கம். அந்த நேரத்தில் சுவரிலிருந்து வரும் எந்த வயரும் ஆபத்து: சார்ஜர், ரவுட்டர் அடப்டர், செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு, வெளி அன்டெனா. வானம் முழங்கத் தொடங்கியதும் இவை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லெப்டொப்பைப் பெட்டரியில் ஓடவிட்டு, போனிலிருந்து யூஎஸ்பி டெதரிங் எடுத்து வகுப்பைத் தொடரலாம். ரவுட்டர் வைத்திருப்பவர்களும் அதற்காகவே ஒரு டேட்டா கேபிளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.